ஓடக்காரி குடியின் பிள்ளை

கிணற்றில் எலும்பு கிடந்தது என்று செய்தி வந்தபோது என் தங்கை நல்லம்மா குசினி வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கையைக்கூடக் கழுவாமல் எழும்பினாள்.

"அண்ணை, வெளிக்கிடுங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

நான் வெளிக்கிடவில்லை. செய்தி கொண்டுவந்தவன் மூதூர் லாஞ்சியில் டிக்கெட் வெட்டுகிறவன். அவன் சொல்வதில் பாதியை லாஞ்சி ஆடும்போதே கடலில் கொட்டிவிடலாம்.

"எந்தக் கிணறு? ஆர் கண்டது?" என்று கேட்டேன்.

"தோப்பூர்ப் பக்கம் பாழடைஞ்ச வளவு ஒண்டில ஐயா. வளவுக்காரர் திரும்பி வந்து கிணறு இறைச்சவை. அடியில சேறு அள்ளேக்க வந்திருக்கு. பொலிஸ் எடுத்து இஞ்ச ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திட்டுது. ஒராளின்ர எலும்புதானாம்."

ஒராள் என்றதும் நல்லம்மா என்னைப் பார்த்தாள். எங்களுக்குத் தொலைந்தது ஒராள். ஆனால் அந்தத் தோப்பூர்ப் பாதையில் அன்றைக்குத் தொலைந்தது இரண்டு பேர்.

சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பாதையைத் திறந்துவிட்டார்கள். தொண்ணூறாம் ஆண்டு ஓடிப்போன சனம் திரும்பி வந்து முதலில் செய்த வேலை கிணறு இறைப்பதுதான். தண்ணீர் இல்லாமல் இருக்க ஏலாது, ஆனால் எந்தக் கிணற்றில் என்ன கிடக்கும் என்று எல்லோருக்கும் பயம் இருந்தது.

தொலைந்தவர்களில் ஒருவன் நல்லம்மாவின் பிள்ளை சின்னராசா. ஒரே பிள்ளை. புருஷன் முன்னமே காய்ச்சலில் போய்விட்டதால் அவனை வளர்த்ததில் எனக்கும் பங்குண்டு. மற்றவன் முனாப். மூதூர் ஸைனுலாப்தீனின் மகன். ஸைனுலாப்தீனிடம் ஒரு டிராக்டர் இருந்தது. அதை ஓட்டியவன் சின்னராசா. அந்தத் தொண்ணூறாம் ஆண்டில் நெல் ஏற்றிவர இரண்டு பேரும் ஒன்றாகப் போனார்கள். டிராக்டர் மட்டும் மதகடியில் நின்றது. ஆயுதம் வைத்திருந்தவர்கள் அப்போது எல்லாப் பக்கமும் நின்றார்கள். யார் செய்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுதமாட்டேன்.

அதுவரை அந்த வீட்டோடு நல்ல பழக்கம். எங்கள் வயலும் அவர்கள் வயலும் பக்கத்துப் பக்கத்தில். அதற்குப் பிறகு கதை பேச்சு இல்லை. எங்கள் பெடியன் டிராக்டரில் ஏறியிராவிட்டால் தப்பியிருப்பான் என்றேன் நான். சின்னராசா ஓட்டிக்கொண்டு போனதால்தான் முனாப் போனான் என்றார்கள் அவர்கள். இரண்டிலும் நியாயம் இல்லை. இருந்தாலும் சொன்னோம்.

வருடங்கள் போனபின் சொந்தக்காரர் வந்து நல்லம்மாவுக்குப் புத்தி சொன்னார்கள். உடம்பு கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி உண்டு. தர்ப்பைப் புல்லில் பாவை செய்து எரித்து, முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியும் செய்து முடித்துவிடலாம் என்றார்கள். குருக்களையும் கூட்டிவந்தார்கள். நல்லம்மா அவரைப் பார்த்துக் கேட்டாள்:

"நான் புல்லையே பெத்தனான்?"

குருக்கள் செம்புத் தண்ணீரைக் குடிக்காமலே போய்விட்டார்.

அவள் கேட்டதெல்லாம் ஒரு எலும்பு. இதுதான் உன் பிள்ளை என்று யாராவது காட்டவேண்டும். காட்டினால் அழுது, செய்யவேண்டியதைச் செய்து, தலைமுழுகிவிட்டு ஓரிடத்தில் இருப்பாள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. தெருவில் யாராவது நடந்துவரும் சத்தம் கேட்டால் அவள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். ஒவ்வொரு தடவையும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாமல் போயிருந்தது.

ஆகவே கடைசியில் வெளிக்கிட்டேன்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் எங்களுக்கு முன்பே ஸைனுலாப்தீன் கதிரையில் இருந்தான். தாடி வெளுத்துவிட்டது. பக்கத்தில் அவன் மனைவி நபீஸா, மகள் ஸாலிஹா. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

எலும்பு பார்க்கிற டொக்டர் ஒரு பொம்பிளைப் பிள்ளை. கொழும்பில் படித்தவள், தமிழ்ப் பிள்ளைதான். ஆம்பிளை, இருபதுக்கு மேல் வயது, நடுத்தர உயரம் என்றாள். உடுப்பு இல்லை, மோதிரம் இல்லை. இரண்டு பெடியன்களும் ஒரே வயது, ஒரே உயரம். வித்தியாசம் சொல்ல ஏலாது என்றாள்.

"டி.என்.ஏ. பாத்தால் தெரியும். வாய்க்குள்ள பஞ்சால துடைச்சு எடுப்பம். அதையும் எலும்பையும் வெளிநாட்டுக்கு அனுப்பி ஒப்பிட்டுப் பாப்பினம்."

"எச்சிலைப் பாத்து ஆரின்ர பிள்ளையெண்டு சொல்லுவினமோ?" என்று கேட்டேன்.

"ஓம் ஐயா."

"அப்ப கோட்டில ஏன் பிள்ளை இவ்வளவு வழக்கு?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் எத்தனையோ பேர் என்னிடம் கடுதாசியைக் காட்டி ஒன்று சொன்னார்கள். கடுதாசியில் வேறொன்று இருந்தது. கண்ணால் பார்க்க ஏலாததைக் காட்டிப் பேசுகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஸைனுலாப்தீன் எழும்பிப்போய் வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

"வாப்பா, உங்கட வேண்டாம்" என்றாள் டொக்டர். "எலும்பு தண்ணிக்குள்ள கிடந்து பழுதாப்போச்சு. அதில தாய் வழியா வாற அடையாளம் மட்டும்தான் எடுக்கலாம் போல இருக்கு. உம்மா வரட்டும்."

"அப்ப நான் ஆரு? ரோட்டால போனவனா?"

"அப்பிடியில்லை வாப்பா…"

"புள்ளைக்கு வாப்பாட ரெத்தம் இல்லையா? எந்தக் கிதாபுல இரிக்கி அது?"

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "வாயை மூடும் காணும். பூச்சி போகப்போகுது" என்றேன்.

அத்தனை வருடத்துக்குப் பிறகு நான் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. அவன் பதிலுக்கு, "நீ இன்னும் மவுத்தாகல்லையா?" என்று என் சாவை விசாரித்தான். அதோடு நிறுத்திக்கொண்டோம். நல்லம்மாவும் நபீஸாவும் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக உள்ளே போய்ப் பஞ்சு கொடுத்துவிட்டு வந்தார்கள்.

ஆறேழு மாதம் சத்தம் இல்லை. பிறகு இரண்டு வீட்டாரையும் ஒரே நாளில் வரச்சொல்லி ஆள் வந்தது. நல்லம்மா முழுகி, வெள்ளைச் சீலை உடுத்துக்கொண்டு வந்தாள்.

டொக்டரின் முகம் சரியில்லை. பக்கத்தில் கோட்டில் இருந்து வந்த ஒரு ஆளும் இருந்தான்.

"எலும்பு நல்லம்மாவின்ர அடையாளத்தோட பொருந்துது" என்றாள்.

நல்லம்மா கையைக் கூப்பினாள்.

"பொறுங்கோ அம்மா. நபீஸா உம்மாவின்ரையோடயும் பொருந்துது. ரெண்டு பஞ்சும் ஒரே மாதிரி. ஒரு இம்மியும் வித்தியாசம் இல்லை. அப்பிடி வாறதெண்டால் ரெண்டு பேரும் ஒரு தாய் வழியா இருக்கவேணும்."

கோட்டு ஆள் என்னையும் ஸைனுலாப்தீனையும் மாறி மாறிப் பார்த்தான். "இல்லாட்டி, ஒராளின்ர எச்சிலை ரெண்டு பேரிலயும் குடுத்திருக்கவேணும்" என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் மேசையைத் தட்டினேன். நான்தான் எல்லோரையும் சந்தேகப்படுகிறவன். என்னை ஒருவன் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை.

"என்ன கதை கதைக்கிறீர்? செத்த பிள்ளையைக் களவெடுக்க வந்த ஆக்களோ நாங்கள்?"

"எங்கட புள்ளைய நாங்க ஏன் அவனுக்குக் குடுக்கப்போறம்?" என்றான் ஸைனுலாப்தீனும். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரு பக்கத்தில் நின்றோம்.

டொக்டர் கையைக் காட்டி அமர்த்தினாள். "சரி, நானே திரும்ப எடுக்கிறன். என்ர கண்ணுக்கு முன்னால. நீங்கள் ரெண்டு பகுதியும் சொந்தக்காரரோ? அதைச் சொல்லுங்கோ முதலில."

"இல்லை" என்றோம் எல்லோரும்.

"தூரத்துச் சொந்தம்கூட இல்லையோ?"

"அவை முஸ்லிம் ஆக்கள் பிள்ளை. எப்பிடிச் சொந்தம் வாறது?" என்றாள் நல்லம்மா.

"பக்கத்து வயல்காரங்க. அவ்வளவுதான்" என்றாள் நபீஸா.

இந்த முறை என் வாயிலும் பஞ்சு விட்டார்கள். நானும் நல்லம்மாவும் ஒரு தாய் வயிறு. அந்தப் பக்கம் மகள் ஸாலிஹாவிடம் எடுத்தார்கள். மறுபடியும் மாதக்கணக்கில் காத்திருந்தோம். பதில் மாறவில்லை. நாலு பேருக்கும் ஒரே அடையாளம்.

டொக்டர் இப்போது குடும்பத்துப் பத்திரங்களைக் கொண்டுவரச் சொன்னாள். பிறப்புப் பதிவு கேட்டாள். எங்களது வீட்டோடு எரிந்துபோனது. அவர்களிடம் இருந்தது ஸைனுலாப்தீனின் தகப்பன் வழிப் பத்திரம். கடைசியில் இரண்டு பகுதியிடமும் மிஞ்சியது காணி உறுதிப் பத்திரம்தான். எங்கள் ஊர்ப் பக்கத்தில் இரண்டு சனத்திலும் வயலும் வீடும் தாய் மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பது. அதனால் உறுதியில் பொம்பிளைகளின் பெயர்தான் வரும். டொக்டர் இரண்டையும் மேசையில் விரித்துத் தாய், தாயின் தாய், அவளின் தாய் என்று மேலே மேலே போனாள். எங்களதில் ஒரு வள்ளியம்மையோடு நின்றது. அவர்களதில் ஒரு கண்டும்மாவோடு நின்றது. அதற்கு மேலே இரண்டு உறுதியிலும் 'தாய்வழி முதிசம்' என்று மட்டும் கிடந்தது. முதிசம் என்றால் பரம்பரைச் சொத்து. யாருடையது என்று இல்லை.

"இதோட முடிஞ்சுது. இனிப் பத்திரம் இல்லை" என்று அவள் கண்ணைக் கசக்கினாள். "கல்யாணம் பேசேக்க நீங்கள் ஒண்டும் விசாரிக்கிறேல்லையோ? ஆர், எவடம், பரம்பரை என்னெண்டு?"

"ஏன் இல்லாம? எனக்கு இவளப் பேசக்குள்ள கேட்டது ஒரே கேள்விதான்" என்றான் ஸைனுலாப்தீன். "குடி என்ன? எங்கட வேற குடி. இவ ஓடக்காரி குடி. ஒரே குடியெண்டா முடிக்க ஏலாதே."

"நாங்களும் அதுதான்" என்றாள் நல்லம்மா. சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

டொக்டர் பேனையை வைத்தாள். "என்னது? திரும்பச் சொல்லுங்கோ."

"ஓடக்காரி குடி. எங்கட அம்மாவின்ர குடி."

குடி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. கொழும்பில் படித்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னேன். குடி என்பது தாயிடம் இருந்து வருவது. தகப்பனிடம் இருந்து வராது. ஒரே குடிக்குள் கல்யாணம் இல்லை, சகோதரம்போல. கோயிலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள் திருவிழா உண்டு. அவர்களின் பள்ளிவாசலை நடத்த ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் உண்டு. எங்களிடம் இருக்கிற குடிப் பெயர்கள் சில அவர்களிடமும் உண்டு. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"எல்லாருக்கும் தெரிஞ்சதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை? சொந்தமோ எண்டு கேட்டனானெல்லே?"

"நீங்கள் சொந்தமோ எண்டு கேட்டியள். குடியோ எண்டு கேக்கேல்லையே" என்றாள் நல்லம்மா.

அவள் சொன்னது பொய் இல்லை. குடி கேட்பது கல்யாணத்துக்கும் கோயிலுக்கும். முஸ்லிம் வீட்டில் நாங்கள் பெண் எடுக்கப்போவதில்லை. அவர்கள் எங்களிடம் எடுக்கப்போவதில்லை. அப்படியிருக்க, அவர்கள் குடி என்ன என்று நாங்கள் ஏன் யோசிக்கவேண்டும்? பெயர் ஒன்றாக இருந்தது. தாய் ஒருத்தியாக இருந்திருப்பாள் என்று ஒருவரும் நினைக்கவில்லை. எந்தக் காலத்தில், எந்தப் பொம்பிளையின் இரண்டு மகள்மார் இரண்டு பக்கம் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. கதை கட்டவும் விருப்பம் இல்லை.

ஸைனுலாப்தீன் கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தான். "அப்ப இவ உனக்குத் தங்கச்சி முறை" என்றான் என்னிடம். "நான் உனக்கு மச்சான்."

"வேற நல்ல செய்தி ஒண்டும் இல்லையோ?" என்றேன்.

அன்றைக்குப் பின்னேரம் துறைமுக வீதியால் வீட்டுக்கு நடந்து வரும்போது நல்லம்மா திடீரென்று நின்றாள்.

"அண்ணை, அப்ப அது முனாப்பாவும் இருக்கலாம்."

நான் அவள் கையைப் பிடித்து வீதியோரம் இழுத்தேன்.

"முனாப்பெண்டால் என்ர பிள்ளை கிணத்துக்குள்ள இல்லை. எங்கயோ இருக்கிறான்."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. எலும்பு வந்தால் முடியும் என்று நான் காத்திருந்தேன். எலும்பு வந்தது, ஒன்றும் முடியவில்லை. அவள் சாகும்வரை தெருவுக்குக் காது கொடுத்துக்கொண்டே இருப்பாள் என்று நினைத்தேன். வெளிநாட்டுக்காரனையும் பஞ்சையும் மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன்.

கோட்டில் நீதவான் சொன்னது இதுதான்: எலும்பைப் பங்கு போட ஏலாது. எரிக்கவும் கூடாது, புதைக்கவேண்டும். இரண்டு குடும்பமும் சேர்ந்து பொறுப்பெடுத்து ஒரு இடத்தில் அடக்கம் செய்யலாம். இரண்டு தாய்மாரும் ஒத்துக் கையெழுத்து வைக்காவிட்டால் அரசாங்கமே புதைத்துவிடும். எரிக்கக் கூடாது என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஸைனுலாப்தீன் ஆரையாவது பிடித்திருப்பானோ என்று டொக்டரிடமே கேட்டேன். "அடையாளம் முடிவாகாத எலும்பை எங்கயும் எரிக்க விடமாட்டினம் ஐயா" என்றாள். நம்புவதா என்று தெரியவில்லை.

பிறகு நாலு பேரும் கோட்டு வாசல் மரத்தடியில் நின்றோம்.

"மூதூர்ல எங்கட மையவாடியில அடக்குவம்" என்றான் ஸைனுலாப்தீன்.

"ஏன், எங்கட சுடலையில இடம் இல்லையோ?" என்றேன்.

"முஸ்லிம் மையத்த உங்கட சுடலையில எப்பிடி வைக்கிற?"

"முஸ்லிமெண்டு உமக்கு ஆர் சொன்னது? டி.என்.ஏ. தொப்பி போட்டுக்கொண்டே வந்தது?"

"ராசதுர, நாவ அடக்கு. இது புள்ளட விஷயம்."

அப்போது நபீஸா பேசினாள்.

"வேணாம். அவங்களே கொண்டு போகட்டும்."

ஸைனுலாப்தீன் திரும்பினான். "என்ன சொல்லுறாய்?"

"அது அந்தப் புள்ளதான். சின்னராசாதான். என்ட புள்ள எங்கயாவது இரிப்பான். அவங்க கொண்டு போகட்டும். நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

நல்லம்மா அசையாமல் நின்றாள். துறைமுக வீதியில் அவள் சொன்ன அதே சொல், இன்னொருத்தியின் வாயில் இருந்து, அவள் பிள்ளையின் பெயரோடு வந்தது. அவளுக்கு ஓங்கி அறைந்ததுபோல இருந்திருக்கும். எங்கே இவளும் பதிலுக்கு அள்ளிக் கொட்டப்போகிறாளோ என்று நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன்.

அவள் கொட்டவில்லை. போய் நபீஸாவை மரத்து வேரில் இருத்தித் தானும் பக்கத்தில் இருந்து, அக்காவை அவர்கள் கூப்பிடும் முறையில் கூப்பிட்டாள்.

"ராத்தா, நானும் இப்பிடித்தான் நினைச்சனான். அது உங்கட பிள்ளையா இருக்கவேணும் எண்டு. கோயில்லயும் போய்க் கேட்டனான்."

நபீஸா அவளைப் பார்த்தாள்.

"என்ர பிள்ளை இல்லையெண்டு நான் சொன்னால், உங்கட பிள்ளையைச் சாகச் சொல்லுறன். நீங்கள் சொன்னால் என்ர பிள்ளையை. என்ர வாயால அது வேண்டாம், ராத்தா. உங்கட வாயாலயும் வேண்டாம்."

"அப்ப என்ன செய்யிற?"

"ரெண்டு பேரும் எடுப்பம்."

நபீஸா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நல்லம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "அண்ணை, அவையின்ர மண்ணில வைக்கட்டும்" என்றாள்.

"விசரே உனக்கு? பிறகு ஒருத்தரும் உன்ர பிள்ளையெண்டு சொல்லமாட்டினம்."

"அவையின்ர மண்ணில வைச்சால் சின்னராசாவுக்கு ஒண்டும் குறையாது. எங்கட சுடலையில வைச்சால் முனாப்புக்குக் குறையுமெண்டு அவை நினைப்பினம். குறையாத பக்கம் விட்டுக்குடுக்கவேணும்."

என் மனம் ஒத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் இரண்டு தாய்மாரையும் கையெழுத்து வைக்க உள்ளே கூட்டிப்போனேன்.

பள்ளியில் ஆட்சேபம் வந்தது. யாரென்று தெரியாத ஒருவனை எப்படி அடக்குவது என்று நாலு பேர் கேட்டார்கள். மௌலவி ஒரு வயதான மனுஷன். கலந்து கிடக்கிற மையத்துகளில், அதாவது பிரேதங்களில், எது முஸ்லிம் என்று தெரியாவிட்டால், முஸ்லிமுக்கு என்று மனதில் வைத்துத் தொழலாம், அப்படிச் சட்டம் இருக்கிறது என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தார். எங்கள் பக்கத்திலும் சிலர் என் வீட்டுக்கு வந்து முறுகினார்கள். அவர்களுக்கு மௌலவி தேவைப்படவில்லை. நானே போதும்.

ஆஸ்பத்திரிப் பிரேத அறையில் எலும்பை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார்கள். கபன் என்று அதைச் சொல்கிறார்கள். கட்டப்போகும்போது நல்லம்மா இடுப்பில் இருந்து ஒரு சின்ன முடிச்சை எடுத்தாள். அரிசி. வாய்க்கரிசி போடவேண்டும் என்றாள்.

ஸைனுலாப்தீன் தடுத்தான். "அது எங்கட முறையில இல்ல, தங்கச்சி. குறை நினைக்காத."

முடிச்சு அவள் கையிலேயே நின்றது. அதற்குத்தான் அவள் இத்தனை வருடம் இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். சண்டைக்கு வாயைத் திறந்தேன். எனக்கு முந்தி நபீஸா சொன்னாள்:

"போடட்டும். உம்மா ஊட்டுற சோறுதானே."

ஸைனுலாப்தீன் கூட வந்திருந்த மௌலவியைப் பார்த்தான். மௌலவி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நல்லம்மா மூன்று தரம் அரிசியை எடுத்து அந்தத் தாடை எலும்புக்குப் பக்கத்தில் வைத்தாள். சிந்தவில்லை. பிறகு துணியைக் கட்டினார்கள்.

மூதூருக்கு லாஞ்சியில் கொண்டுபோனோம். பொம்பிளைகள் மையவாடிக்கு வருவதில்லை. நான் போனேன். அவர்கள் தொழும்போது ஒதுங்கி வேலியோரம் நின்றேன். குழிக்குள் வைத்து மூடும்போது ஸைனுலாப்தீன் வந்து என் கையைப் பிடித்து இழுத்தான்.

"மூணு பிடி மண் போடணும், மச்சான்."

போட்டேன். அவனும் போட்டான்.

வீட்டுக்கு வந்ததும் சாவுத் துடக்கு, அதுதான் தீட்டு, காப்பதா இல்லையா என்று பேச்சு வந்தது. குருக்கள், முன்பு செம்புத் தண்ணீரைக் குடிக்காமல் போன அதே மனுஷன், யோசித்தார். "செத்தது உங்கட பிள்ளையெண்டு நிச்சயம் இல்லையே. முஸ்லிம் பெடியனெண்டால் உங்களுக்கு ஏன் துடக்கு?"

"ஐயா, ரெண்டில ஆரெண்டு எனக்குத் தெரியாது. ஆனால் ஆரெண்டாலும் ஓடக்காரி குடிப் பிள்ளை. குடியில ஒரு சாவு விழுந்தால் துடக்கு. அதுக்கு நிச்சயம் இருக்கு" என்றேன்.

அந்த வெளிநாட்டுப் பஞ்சை நான் நம்பிப் பேசியது அந்த ஒரு இடத்தில்தான்.

முப்பத்தோராம் நாள் கடற்கரையில் அந்தியேட்டி. பெயர் கேட்கும் இடத்தில் நல்லம்மா தடுமாறக்கூடாது என்று குருக்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். பெயர் கேட்கவேண்டாம், குடிப் பிள்ளை என்று சொல்லிச் செய்யுங்கள் என்றேன். பெயரைச் சொன்னால் பிள்ளை செத்தான் என்று அவள் வாயாலேயே ஒத்துக்கொள்வதாகும். அதை அவள் செய்வாள் என்று நான் நம்பவில்லை.

குருக்கள் அந்த இடத்துக்கு வந்ததும், நான் சொன்னபடியே பெயரை விட்டுவிட்டு மேலே போகப் பார்த்தார். நல்லம்மா கையை நீட்டி அவரை நிறுத்தினாள்.

"சின்னராசா" என்றாள். "பூரட்டாதி நட்சத்திரம்."

குருக்கள் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

அந்தக் கிழமையே லாஞ்சியில் ஒரு சட்டி நெய்ச்சோறும் இறைச்சியும் வந்தது. நபீஸா வீட்டில் முனாப்பின் பெயரில், செத்தவருக்கு ஓதும் கத்தம் ஓதினார்களாம். அவளும் தன் பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டாள். கிணற்றில் இருந்து எடுத்தது ஒருவனை. இரண்டு பேரை அடக்கம் செய்து முடித்துவிட்டோம்.

அதற்கு அடுத்த மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தது. டொக்டருக்குப் பிணத்தோடுதான் வேலையாக இருந்தது. பல மாதம் போனபின் அவளே எங்கள் வீட்டுக்கு வந்தாள். மெலிந்துபோயிருந்தாள். கடல் கொண்டுபோனவர்களை அடையாளம் காண வந்த வெளிநாட்டு ஆட்களிடம் புது முறை இருக்கிறதாம். பழுதான எலும்பிலும் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாமாம். நீதவானிடம் கேட்டுக் குழியைத் திறந்தால், அது சின்னராசாவா முனாப்பா என்று இந்த முறை அநேகமாகச் சொல்லிவிடலாம் என்றாள்.

"மூதூருக்கும் போனனான்" என்றாள். "அவை வேண்டாமெண்டிட்டினம். உங்கட விருப்பத்தையும் கேக்கவேணும்."

நல்லம்மா உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். கோப்பையைக் கொண்டுவந்து டொக்டரின் கையில் கொடுத்துவிட்டு, "வேண்டாம் பிள்ளை" என்றாள். "சீனி காணுமோ?"

நல்லம்மா திரும்பி உள்ளே போனபின் டொக்டர் என்னைக் கேட்டாள்.

"ஏன் ஐயா? தெரிஞ்சுகொள்ளத்தானே இவ்வளவு கஷ்டப்பட்டனீங்கள்?"

"தெரிஞ்சால் ரெண்டு பேரில ஒருத்தி திரும்பவும் வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கவேணும்" என்றேன். "தேத்தண்ணி ஆறுது, குடி பிள்ளை."